காற்றுக்கு நாலு விரல்

"எந்தக் கண்ணாடியைப் போட்டால் காற்று அடிக்காது?" என்று நல்லபெருமாள் கேட்டார்.

ஆவுடை வேலையாக இருந்தாள்.

ஃபைபர் மூடி ஒன்றின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பதினேழு தடவை தேய்த்தாள். விரலால் தடவிப் பார்த்தாள். இன்னும் மூன்று தடவை தேய்த்தாள்.

"முப்பந்தல்ல வந்து நின்னுக்கிட்டு, காத்து அடிக்காம இருக்க வழி கேக்கீங்க," என்றாள். "நல்லா இருக்கு அண்ணாச்சி."

அவள் சொன்னதில் தப்பில்லை. மலை விலகி வழிவிடும் இடம் அது. வைகாசியில் புகுந்த காற்று புரட்டாசி வரை நிற்காது. அவள் தகரக் கொட்டகையின் வாசலில் நின்று எண்ணினால் மின்சாரம் எடுக்கும் நாற்பத்தொரு காற்றாடிகள் தெரியும். வெயில் சாய்வாக விழும் காலை வேளையில் பக்கத்துக் காற்றாடியின் இறக்கை நிழல் தரையோடு வந்து, கொட்டகைக்குள் நுழைந்து, சுவரில் ஏறி இறங்கிப் போகும். அடுத்த நிழல் வரும். அங்கே பேசிக்கொண்டிருப்பவர்கள் நிழல் தாண்டும்வரை பேச்சை நிறுத்தி, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். ஏன் நிறுத்துகிறோம் என்று யாரும் யோசித்ததில்லை.

ஆவுடை பதினொரு வருடம் கயிற்றில் தொங்கிக்கொண்டு அந்த இறக்கைகளின் விரிசலை அடைத்தவள். இறங்கி வந்தபிறகு, தொலைதூரம் போகும் மோட்டார் சைக்கிள்களுக்கு முகப்பு மூடி செய்தாள். ஃபேரிங் என்று பையன்கள் சொல்வார்கள். விளக்கைச் சுற்றி ஒரு மூடி, அதன்மேல் நிற்கும் ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். வருகிறவர்கள் அவளை ஆசான் என்று கூப்பிட்டார்கள். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

நல்லபெருமாள் அவளைவிட இருபத்திரண்டு வயது மூத்தவர். அவரும் அப்படியே கூப்பிட்டார்.

"வெளையாட்டு இல்ல ஆசான். இன்னும் பதிமூணு நாள்ல கிளம்பணும். கெழக்குக் கரையோரமாவே கல்கத்தா வரைக்கும். முப்பத்தொரு வருசம் பஸ் ஓட்டி, ரிட்டையர் ஆகி, இதுக்குன்னே வண்டி வாங்கினேன். இப்போ என் வீட்டுக்காரி வடிவு வரமாட்டேங்கா."

"ஏனாம்?"

"ராமேஸ்வரம் போய்ட்டு வந்து எறங்கினா. ஹெல்மெட்டக் கழட்டி வச்சா. இனிமே நான் வரல, நீங்க போய்ட்டு வாங்கன்னுட்டா. ஏன்னு கேட்டேன். காத்துன்னா. அவ்வளவுதான் சொன்னா."

நிழல் வந்தது. போனது.

"அவங்க வரலைன்னா?"

நல்லபெருமாள் தரையைப் பார்த்தார்.

"வண்டிய வித்துருவேன்."

*

கொட்டகையில் மூன்று ஃபேரிங்குகள் இருந்தன.

முதலாவது வெளிநாட்டுச் சரக்கு. கண்ணாடி ஆள் நெற்றி வரை உயரம். இரண்டாவது கோயம்புத்தூரிலிருந்து வந்தது. பார்வைக்கு லட்சணம், ஆனால் அவர் வண்டிக்குத் துளை பொருந்தாது. மூன்றாவது ஆவுடையே செய்தது. குட்டையாக, புகை நிறத்தில், பாதி தேய்ந்த நிலா மாதிரி இருந்தது. அதன் விலைக்கு ஒரு டயர்கூட வராது.

நல்லபெருமாளின் கண் முதலாவதை விட்டு நகரவில்லை.

"இதுதான் பஸ் கண்ணாடி மாதிரி இருக்கு."

"பஸ்ஸுல இருந்தே ஒண்ணக் கழட்டிட்டு வந்திருக்கலாமே அண்ணாச்சி. இது என்ன வெலன்னு தெரியும்லா?"

"தெரியும். கணக்குப் போட்டுட்டேன். இத வாங்கினா பெட்ரோல் ஒடிசா வரைக்கும்தான் வரும். அதோட திரும்பிருவோம்."

"கண்ணாடிக்காக ஊரக் கொறைக்கீங்க."

"அவ வரணும்லா."

ஆவுடை உப்புத்தாளைக் கீழே வைத்தாள்.

"ஒங்களுக்குக் காத்து எங்க அடிக்கு?"

"நெஞ்சுல. ரெண்டு தோள்ல. அம்பதத் தாண்டினா தாடைக்குக் கீழ பிடிச்சு ஹெல்மெட்டத் தூக்கும்."

"அக்காவுக்கு?"

"அவ பின்னாடில்லா இருக்கா."

"பின்னாடி எங்க அடிக்கு?"

நல்லபெருமாள் வண்டியின் பின்னிருக்கையைத் திரும்பிப் பார்த்தார்.

"சாவியக் குடுங்க," என்றாள் ஆவுடை.

*

அவள் முதலாவதை எடுத்து மாட்டினாள். நான்கு பிடிகள், எட்டுத் திருகாணிகள். கைப்பிடியை இடது ஓரம்வரை திருப்பினாள், வலது ஓரம்வரை திருப்பினாள். எங்கும் இடிக்கவில்லை. பிறகு, காற்று போகும் வழி தெரிவதற்காக, சிவப்புக் கம்பளி நூலை விரல் நீளத்தில் வெட்டி ஒட்டினாள். தன் தோளில் மூன்று, அவர் தோளில் மூன்று, அவர் ஹெல்மெட்டில் மூன்று.

"ஏறுங்க."

"முன்னாடியா?"

"பின்னாடி."

நல்லபெருமாள் இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து நாற்பத்திரண்டு வருடம் ஆகியிருந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தொடைமேல் வைத்தார். வண்டி சாலையில் ஏறியதும், எதிரே வந்த லாரியைப் பார்த்து வலது காலால் மிதித்தார். மறுபடி மிதித்தார்.

"பிரேக் அங்க இல்ல அண்ணாச்சி," என்றாள், தலையைக் கொஞ்சம் சாய்த்து.

ஏழு கிலோமீட்டர் போய், ஏழு கிலோமீட்டர் திரும்பி வந்தார்கள்.

அவள் தோளில் இருந்த மூன்று நூலும் தூங்கின. அவர்மேல் இருந்த ஆறும் ஆடிய ஆட்டம் சொல்லி முடியாது. முன்னால் இடம் கிடைக்காத காற்று கண்ணாடியின்மேல் ஏறி, அவள் தலையைத் தாண்டி, நேராக அவர் தலையில் வந்து இறங்கியது. நிறுத்துங்கள் என்று கத்தினார். தோளைத் தட்டினார். அவள் நிறுத்தவில்லை.

கொட்டகை வாசலில் இறங்கியதும் அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் காதைத் தேய்த்தார்.

"எப்படி?"

"தலகாணிய வச்சு யாரோ தலையில மாத்தி மாத்தி அடிச்ச மாதிரி இருந்துச்சு."

"எனக்கு ஒண்ணும் தெரியல. கொஞ்சம் தூக்கம்கூட வந்துச்சு," என்றாள். "என்னென்ன பாத்தீங்க?"

"ஒங்க ஹெல்மெட்டோட பின்பக்கத்த."

"பதினாலு கிலோமீட்டரும்?"

"பதினாலும்."

அவர் கொஞ்ச நேரம் அந்த உயரமான கண்ணாடியையே பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "ஆனா ராமேஸ்வரம் போனப்போ என் வண்டியில கண்ணாடியே இல்லியே. அப்புறம் அவளுக்கு என்ன காத்து?"

"இப்பத்தான் சரியான கேள்வி கேட்டீங்க," என்றாள் ஆவுடை. எட்டுத் திருகாணிகளையும் கழற்றினாள்.

*

இரண்டாவது தடவை ஒன்றுமே மாட்டாமல் போனார்கள்.

இப்போது காற்று குத்தவில்லை. அகலமாக வந்தது. அருவிக்குள் தலையைக் கொடுத்துக்கொண்டு நிற்பதுபோல, ஒரே சத்தம், ஒரே கனம். ஒன்பது நூலும் பின்னால் படுத்து நடுங்கின. மேகத்தின் நிழல் ஒன்று மலையைவிட்டு இறங்கி, பனைகளைத் தாண்டி, சாலையைக் கடந்து போனது. காற்றாடிகள் மெதுவாகச் சுற்றின. அந்தச் சத்தத்துக்குள் அவை மட்டும் சத்தமில்லாமல் சுற்றுவதுபோல இருந்தது.

மூன்றாவது கிலோமீட்டரில் நல்லபெருமாளின் வாய் தானாகத் திறந்தது.

முதலில் ஊர்ப்பலகைகளைப் படித்தார். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. அது அவருக்குப் பிடித்திருந்தது. பலகைகளை விட்டுவிட்டு, முன்னால் போகிற பேருந்து ஓட்டுநர் வளைவில் திருப்பியது சரியில்லை என்றார். தன் இடது முழங்கால் வலிப்பதைச் சொன்னார். யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சொன்னார்.

சொன்னதும் காற்று அதை வாங்கிக்கொண்டு போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் சாலையில் ஒன்றும் கிடக்கவில்லை.

நெஞ்சு லேசாக இருந்தது. ஏழும் ஏழும் எப்போது முடிந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

"எப்படி?" என்றாள்.

"நல்லாத்தான் இருந்துச்சு," என்றார். அதற்குமேல் சொல்லவில்லை.

*

மூன்றாவது தடவை, புகை நிறக் குட்டைக் கண்ணாடி.

அதை விளக்கோடு ஒட்டி மாட்டவில்லை ஆவுடை. தன் நான்கு விரல்களை அடியில் நுழைத்து, அந்த அளவு தூக்கி வைத்து முறுக்கினாள்.

"அடியில ஓட்ட இருக்கே ஆசான். காத்து வரும்லா."

"வரட்டும்."

"அப்புறம் என்னத்துக்குக் கண்ணாடி?"

"ஏறுங்க."

வண்டி ஐம்பதைத் தொட்டது. அடியில் நுழைந்த காற்று எழும்பி, மேலே வந்த காற்றோடு சேர்ந்து, இரண்டு பேரையும் ஒரே வீச்சில் தாண்டிப் போனது. கல்லைத் தாண்டும் ஓடைத் தண்ணீர் அப்படித்தான் போகும். நல்லபெருமாள் நூல்களைப் பார்த்தார், தன் ஹெல்மெட்டில் இருந்தவற்றைப் பக்கக் கண்ணாடியில் பார்த்தார். ஒன்பதும் நேராகக் கிடந்தன. ஒன்றுகூட ஆடவில்லை. எண்ணினார், மறுபடி எண்ணினார். ஒன்பதுதான்.

சாலை கனவில் வருவதுபோல வந்தது. பனைகள் நெருங்கின, விலகின. அவருக்குக் கண் செருகியது. போன தடவை திறந்த வாய், பழகிய இடத்துக்குப் போவதுபோலத் தானே மறுபடி திறந்துகொண்டது.

"எனக்குத் தனியாப் போக பயமா இருக்கு," என்றார். "முப்பத்தொரு வருசமா எனக்குப் பின்னாடி அம்பது பேரு இருந்தாங்க."

வண்டி வேகம் குறைந்தது. ஓரமாக நின்றது.

ஆவுடை ஹெல்மெட்டோடு திரும்பிப் பார்த்தாள்.

"அம்பது பேரா?"

நல்லபெருமாளின் முகம் செத்துவிட்டது.

"கேட்டுச்சா?"

"நின்னுக்கிட்டு வாறவங்களையும் சேத்தா அம்பது?"

"ஆசான், கேலி பண்ணாதீங்க."

"கேலி இல்ல," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "போன தடவையும் இதத்தான் சொன்னீங்களா?"

அவர் தலையை ஆட்டினார்.

அவள் வண்டியைக் கிளப்பினாள். மிச்சமிருந்த தூரம் முழுக்க அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தார்.

*

கொட்டகை வாசலில் ஒரு கல் கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்தார். ஆறு நிழல்கள் அவரைத் தாண்டிப் போயின.

"அவளும் பேசிக்கிட்டுத்தான் வந்திருப்பாளோ?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"வண்டி வாங்கி மொத நாளு, கோயிலுக்குப் போறப்போ பின்னாடி இருந்து என்னமோ சொன்னா. ஓட்டும்போது பேச்சுக் குடுக்காத வடிவுன்னேன்."

"ஏன்?"

"பஸ்ஸுல எழுதியிருக்கும்லா. ஓட்டுநரிடம் பேசக்கூடாதுன்னு. என் தலைக்கு மேலதான் எழுதியிருக்கும்."

"ஒங்களுக்கா எழுதியிருக்கும்? பயணிகளுக்கு."

"ஆமா."

"அதுக்கப்புறம் என்ன செஞ்சாங்க?"

"தட்டுவா. ஒரு தட்டு தட்டினா நிறுத்தணும். ரெண்டு தட்டுன்னா போகலாம். கண்டக்டர் விசில் மாதிரி. நான் சொல்லிக் குடுக்கல, அவளே பழகிக்கிட்டா. ஏழு பயணம் அப்படியே போனோம். நல்லாத்தான் போகுதுன்னு நெனச்சேன்."

"ராமேஸ்வரத்துல தட்டினாங்களா?"

அவர் யோசித்தார்.

"பாலத்துல தட்டினா. பாலத்துல நிறுத்தக்கூடாது. நான் நிறுத்தல." பிறகு, "நீங்களும் இன்னைக்கு நிறுத்தல," என்றார்.

"ஆமா."

ஏழாவது நிழல் வந்து, அவர் மடியில் ஏறி இறங்கியது.

அவர் எழுந்தார்.

"இந்தக் குட்டைக் கண்ணாடியவே போட்ருங்க ஆசான். அவ பேசுறது இனிமே எனக்குக் கேக்கும்."

ஆவுடை ஸ்பானரை எடுத்தாள். முறுக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. அப்படியே நின்றாள். பிறகு மூன்றையும் கழற்றினாள், மற்றவற்றையும் கழற்றினாள். கண்ணாடியை மூடியோடு பெயர்த்தெடுத்து, ஒரு பழைய வேட்டித் துணியில் சுற்றி, பிடிகளையும் எட்டுத் திருகாணிகளையும் ஒரு பொட்டலத்தில் போட்டு, அவர் கையில் கொடுத்தாள்.

"மாட்டத் தெரியும்லா?"

"தெரியும். ஏன் கழட்டிட்டீங்க?"

"நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சுன்னு தெரிஞ்சதும் ஒங்க மூஞ்சி போன போக்க நான் பாத்தேன் அண்ணாச்சி."

அவர் பொட்டலத்தை மறு கைக்கு மாற்றிப் பிடித்தார்.

"அவங்க காத்துகிட்ட சொன்னாங்க," என்றாள் ஆவுடை. "ஒங்ககிட்ட இல்ல."

அவள் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

*

வீடு இருக்கும் தோவாளை வரை அந்தப் பொட்டலம் பின்னிருக்கையில், கயிறு கட்டி, அவரோடு வந்தது.

வடிவு முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவர் எதிரே உட்கார்ந்தார். துணியைப் பிரித்தார்.

"இதுவா?" என்றாள். "சின்னதா இருக்கு."

"இதப் போட்டா காத்து ஒன்ன அடிக்காது."

"ம்."

"இன்னொண்ணும் இருக்கு. இதப் போட்டா, நீ பின்னாடி பேசுறது எனக்குக் கேக்கும்."

கீரை உருவிய கை நின்றது.

"நான் பேசுதேன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. இன்னைக்கு நானும் பின்னாடி உக்காந்தேன்."

"நீங்களா?"

"நானும் பேசினேன்."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பு வருவதுபோல இருந்தது, வரவில்லை.

"என்ன பேசினீங்க?"

அவர் ஒரு முருங்கைக் காம்பை எடுத்து உருவிக்கொண்டே சொன்னார். தனியாகப் போகப் பயம் என்றார். ஐம்பது பேரையும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கேலி செய்யவில்லை. பிறகு குனிந்து நான்கு கொத்து உருவினாள்.

"வேண்டாம்னா திருப்பிக் குடுத்துருதேன்," என்றார். "காத்து அப்படியே இருக்கட்டும்."

"இப்போ எதுவும் கேக்காதீங்க," என்றாள் வடிவு.

மூன்று நாள் அது கூடத்துப் பெஞ்சில் கிடந்தது. அவள் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். அதன் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தாள். ஒருமுறை கண்ணாடியில் குனிந்து முகத்தைப் பார்ப்பதைச் சன்னல் வழியாக அவர் பார்த்தார். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. மூன்று நாளும் எதுவும் கேட்கவில்லை. அது அவருக்குக் கல்கத்தாவைவிட தூரமாக இருந்தது.

நான்காம் நாள் காலை, வேட்டித் துணி மடித்துத் தனியாக வைத்திருந்தது. கண்ணாடி துடைத்திருந்தது.

அவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். எட்டுத் திருகாணிகளையும் கையால் முதலில் ஏற்றினார். அடியில் தன் நான்கு விரல்களை நுழைத்து அளவு பார்த்தார்.

"ஒங்க வெரலு தடி," என்று பின்னால் சத்தம் கேட்டது. "அளவு கூடிப் போகும். தள்ளுங்க."

வடிவு தன் நான்கு விரல்களை வைத்தாள். "இப்போ முறுக்குங்க," என்றாள். எட்டையும் அவர் முறுக்கி முடிக்கும்வரை விரலை எடுக்கவில்லை. பிறகு உள்ளே போய், ஹெல்மெட்டோடு வந்தாள்.

எங்கே என்று அவர் கேட்கவில்லை. வடக்கே, மலை விலகும் பக்கமாகப் போனார்கள்.

ஆரல்வாய்மொழி தாண்டியது. காற்றாடிகள் தொடங்கின. காற்று அடியில் நுழைந்து, எழும்பி, இருவரையும் தாண்டிப் போனது. வண்டிச் சங்கிலியின் சத்தம்கூடக் கேட்டது. பின்னால் மட்டும் ஒரு சத்தமும் இல்லை.

அவர் கிலோமீட்டர் கற்களை எண்ணினார். ஐந்து. ஆறு. ஏழு. இறக்கை நிழல்கள் சாலையைக் கடந்து, அவர்கள்மேல் ஏறி, அப்பால் போயின. எட்டு. ஒன்பது. கேட்டுவிடலாமா என்று இருந்தது. கேட்கவில்லை. பத்து.

பதினோராவது கல்லில் அவர் வலது காதுக்குப் பக்கத்தில், தட்டாமல், ஒரு குரல் வந்தது.

"கல்கத்தா எத்தன கிலோமீட்டரு?"

"ரெண்டாயிரத்தி நானூறு," என்றார் நல்லபெருமாள்.

வடிவு மனத்துக்குள் ஏதோ கணக்குப் பார்ப்பதுபோல இருந்தது.

"பேசப் பத்தாது," என்றாள். "கொஞ்சம் மெதுவாப் போங்க."